காப்பு அவிழ்க்கும் வரை

என் அப்பா வாந்திபேதியில் செத்தார். அவர் செத்த அன்றைக்கு நான் மாங்காட்டுக்கு அப்பால் ஒரு ஊரில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பம்பை மேளம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகி இன்னும் தாலிச் சரட்டில் மஞ்சள் போகவில்லை. அப்பா படுத்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த ஊருக்கே தெரியும். திருவிழாக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மேனாம்பேடு. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஊரில் வயலும் ஏரிக்கரையும்தான் இருந்தன. அப்பா பிறத்தியார் நிலத்தில் ஏற்றம் இறைப்பார். மேலே ஏறி மிதித்துக்கொண்டே பாடுவார். மூன்று வயல் தாண்டிக் கேட்கும். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்குப் பம்பை என்றால் சோறு வேண்டாம். பக்கத்து ஊர்களில் எந்த அம்மனுக்கு யார் பம்பை அடிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நடந்தே போவார்.

ஒரு வருஷம் எங்கள் ஊர் அம்மனுக்குக் கரையான்சாவடியிலிருந்து பம்பைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் சின்னவர் அடித்ததைக் கேட்டுவிட்டு நைனா வீட்டுக்கு வந்தார்.

"நம்ம பொண்ண அந்தப் பையனுக்குத் தர்றேன்" என்றார்.

"பம்பைக்காரனுக்கா?" என்றாள் அம்மா. "அவன் ஆடி மாசம் சோறு துன்னுவான். ஐப்பசி மாசம் இன்னா துன்னுவான்?"

"ஐப்பசில நம்ம ஊட்ல வந்து துன்னட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை. நான் பெண்கள் பக்கம் நின்று எட்டிப் பார்த்திருந்தேன். காது பெரிசு. கை நீளம். அவ்வளவுதான் பார்த்தது.

பங்குனியில் கல்யாணம். சித்திரை பிறந்தால் அம்மன் கோயில்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருவிழா. பம்பைக்காரர்களுக்கு அதுதான் அறுவடை. என் வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா இல்லை. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். புதுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விட முடியாது. "கூட வந்துடு, ஊர் பாத்தாப்லயும் இருக்கும்" என்றார். நான் மேனாம்பேட்டையும் அம்பத்தூர் ஸ்டேஷனையும் தவிர வேறு எதுவும் பார்த்ததில்லை. வருகிறேன் என்றேன்.

மொத்தம் நான்கு பேர். என் வீட்டுக்காரர், அவருடைய பெரியப்பா மகன், உடுக்கை அடிக்கிற ஒரு வயதானவர், நான். பெரியப்பா மகன்தான் பாடுகிறவர். கேலி பேசுகிறவரும் அவர்தான். அவரை நான் மாமா என்று கூப்பிட்டேன். உடுக்கைக்காரர் பேசவே மாட்டார்.

வீட்டுக்காரர் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போவார். நான் மூட்டையோடு பின்னால். அவருக்கு வெட்கம். எனக்கும் வெட்கம். தூரம் அதிகமாகிக்கொண்டே போகும்.

மாமா கத்துவார். "இன்னாடா, போலீஸ் துரத்தறாப்ல ஓடுற? பின்னால வர்றது உம் பொண்டாட்டிடா!"

அவர் நிற்பார். நான் பக்கத்தில் வந்ததும் மறுபடி வேகமாகப் போவார். மாமாவும் விடமாட்டார்.

ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது நான்தான் முதலில் பேசினேன்.

"கை வலிக்காதா?"

"அடிக்கறப்ப வலிக்காது. அப்புறம் வலிக்கும்."

பம்பையைக் கீழே வைத்துக் காட்டினார். இரண்டு மேளம், ஒன்றின் மேல் ஒன்று கட்டியிருக்கும். ஒன்று மரம், ஒன்று பித்தளை. விரலால் தட்டி இது அம்மனைக் கூப்பிடுகிறது, இது அம்மன் வருகிறது, இது வந்துவிட்டாள் என்றார். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் சிரித்தார். கண்டுபிடித்துவிட்டார்.

பூந்தமல்லிப் பக்கம் இரண்டு மூன்று ஊரில் ஒரு நாள், ஒன்றரை நாள் திருவிழா. எல்லா இடத்திலும் சோறு போட்டார்கள். நான் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டேன். மாமா அம்மன் கதையைப் பாடுவார். உடுக்கை கூடவே முனகும். பம்பை எழும்பும்போது என் வயிற்றில் அதிரும். நாலாவது இடத்துக்குப் போவதற்குள் அந்த மூன்று அடிக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொன்னேன். அன்று முழுக்க அவர் என் கூடவே நடந்தார்.

அப்புறம் அந்த ஊருக்கு வந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போதும் அங்கே அந்த ஜனங்கள் இருக்கிறார்கள்.

அங்கே ஐந்து நாள் விழா. ஐந்து நாள் விழா என்றால் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து முதலில் அம்மன் கையில் கட்டினார்கள். பிறகு பூசாரிக்கு, கரகம் எடுக்கிறவருக்கு, கடைசியில் எங்கள் மூன்று ஆண்களுக்கும். ஊருக்குள் வருகிற பாதை எல்லாவற்றிலும் குறுக்கே வேப்பிலை கட்டினார்கள். ஒருவர் தமுக்கு அடித்துக்கொண்டு போனார்.

"அம்மனுக்குக் காப்பு கட்டியாச்சு! ஊருக்குள்ள இருக்கறவங்க எல்லை தாண்டக் கூடாது! தாளிக்கக் கூடாது! உரல்ல இடிக்கக் கூடாது! எந்த ஊட்லயும் அழுவை சத்தம் கேக்கக் கூடாது!"

காப்பு கட்டும்போது யார் ஊருக்குள் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாருக்கும் அது பொருந்தும். வந்த விருந்தாளிக்கும் பொருந்தும். காப்பு கட்டின கைக்குச் சாவுத் தீட்டு வரக் கூடாது. சாவுச் செய்தி காதில் விழுந்து பெண்சாதி அழுதால் புருஷனுக்குத் தீட்டு. பம்பைக்காரனுக்குத் தீட்டு என்றால் பம்பை நின்றுவிடும். பம்பை நின்றால் கரகம் நின்றுவிடும். பாதியில் நின்ற கரகத்தால் ஊருக்குக் கெடுதி என்று பயம். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்து நாள் எங்கேயும் நடக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஊர்த் தலைவரான பெரிய தனக்காரர் வீட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். வைக்கோல் போட்டு வைத்திருந்த அறை. நல்ல வாசனை. பெரிய தனக்காரர் மனைவிக்கு வயது ஐம்பது இருக்கும். மருமகள்கள் இருவர். முதல் நாள் அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பம்பைக்காரன் பொண்டாட்டியா? சாணி தெளிக்கத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். வேலை கொடுத்தாள். செய்தேன்.

முதல் நாள் சாயங்காலம் கேஸ் லைட் வைத்தார்கள். சுற்று வட்டாரத்திலேயே அந்த ஊரில்தான் கேஸ் லைட். மாமா பாட ஆரம்பித்ததும் நாலைந்து பெண்களுக்கு அம்மன் வந்தது. ஒரு தடித்த அம்மாள் ஆடிக்கொண்டே மாமாவின் மேல் விழுந்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் மாமா சொன்னார். "அம்மா வந்தா தாங்கலாம். அந்தப் பொம்பள வந்தா தாங்க முடியாது சாமி."

சிரித்து எனக்குப் புரையேறியது. என் வீட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். எல்லாரும் பார்க்கத் தட்டினார்.

மறுநாள் மத்தியானம் என் அண்ணன் வந்தான்.

இது அண்ணன் எனக்குச் சொன்னது. அம்பத்தூர்ப் பக்கம் வாந்திபேதி பரவியிருந்ததால் அந்த ஊர் எல்லையில் தடியோடு இரண்டு பேரைக் காவல் வைத்திருந்தார்கள். அண்ணனை வேப்பிலைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் என் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னான். அவர் வந்து வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நின்றார். கூடவே பெரிய தனக்காரரும் வந்தார்.

"தங்கச்சிய அனுப்பு மாப்ளே" என்றான் அண்ணன். "நைனா அவளையே கேட்டுகினு கீறாரு."

"எப்படி கீறாரு?"

"கண்ணு உள்ள பூந்துடுச்சி. கை காலெல்லாம் சில்லுனு கீது. ராத்திரிலேர்ந்து போய்க்கினே கீது."

பெரிய தனக்காரர் குறுக்கிட்டார். "காப்பு கட்டறப்ப அந்தப் பொண்ணு ஊருக்குள்ள இருந்துச்சி. தாண்ட வுட முடியாது. அதுவும் வாந்திபேதி ஊட்டுக்கு."

"அவ உங்க ஊரு பொண்ணு இல்லையே!"

"பம்பைக்காரன் பொண்டாட்டி. அவ தாண்டினா இவன் தாண்டினாப்ல."

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "நீ சொல்லு மாப்ளே. உங்கிட்டதான் கேக்கறேன்."

அவர் கையிலிருந்த காப்பைப் பார்த்தாராம். அப்புறம், "காப்பு அவுத்ததும் இட்டுகினு வர்றேன் மச்சான்" என்றாராம்.

"அது வரைக்கும் நைனா இருப்பாரா?"

அண்ணன் ஒரு மண்கட்டியை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். அப்போதே கிளம்பியிருந்தால் இருட்டுகிற நேரத்துக்கு நான் மேனாம்பேட்டில் இருந்திருப்பேன். நைனாவுக்கு அப்போது பேச்சு இருந்தது. ஆள் தெரிந்தது.

அந்த நேரத்தில் நான் மருமகள்களோடு கிணற்றடியில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்தார். கால் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"யாரு வந்தது?" என்றேன். யாரோ கூப்பிட்டு அவர் போனதைப் பார்த்திருந்தேன்.

"யாரும் இல்ல. காவல்காரங்க."

"நுங்கு வேணுமா?"

"நீ துன்னு."

அன்று சாயங்காலம் அவர் அடித்த மாதிரி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. மாமா பாட்டை நிறுத்தின பிறகும் அடித்தார். குச்சி உடைந்தது. வேறு குச்சி எடுத்தார். "மெதுவாடா, தோல் கிழிஞ்சிடப் போவுது" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. ஜனங்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்குப் பெருமை. என் புருஷன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் விடியும்போது நைனா போய்விட்டார். வாந்திபேதிப் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கொட்டி உடனே புதைத்துவிட்டார்கள். தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை. அண்ணனும் சித்தப்பாவும் மட்டும் தூளியில் கட்டித் தூக்கிப் போனார்கள்.

அன்று காலையில் நான் சாணி தெளிக்கப் போனேன். பெரிய தனக்காரர் மனைவி வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். உக்காரு."

"பரவால்ல பெரியம்மா."

"உக்காருன்றேன் இல்ல."

எண்ணெய் வைத்துத் தலை வாரினாள். பூந்தமல்லி மல்லிகை, நெருக்கமாகத் தொடுத்தது, தலை கனக்க வைத்தாள். அவள் கை என் தலையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மகள் இல்லாதவள் போல என்று நினைத்தேன். மத்தியானம் எனக்குத்தான் முதலில் இலை போட்டார்கள். வெல்லம் போட்ட பச்சரிசிச் சோறு இரண்டு தரம் வைத்தார்கள். மருமகள்கள் நன்னாரி சர்பத் கரைத்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போனால் பெண்கள் நகர்ந்து முன்னால் இடம் விட்டார்கள். நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கிழவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை மற்றவர்கள் அப்பால் அழைத்துப் போனார்கள்.

புதுப் பெண் என்றால் இந்த ஊரில் இப்படித்தான் போல என்று நினைத்தேன். என் வீட்டில்கூட என்னை இப்படி யாரும் வைத்துக்கொண்டதில்லை.

"இந்த ஊர்க்காரங்க ரொம்ப நல்லவங்க" என்று அவரிடம் சொன்னேன்.

"ம்" என்றார்.

"அடுத்த வருசமும் வரலாமா?"

"படு. காலைல வேலை கீது."

நான்காம் நாள் வளையல்கார பாய் வந்தார். அவர் பூந்தமல்லிக்காரர். எல்லா ஊருக்கும் போவார். வியாபாரி என்பதால் காப்பு கட்டின ஊருக்குள்ளும் விடுவார்கள். பொழுது சாய்வதற்குள் வெளியே போய்விட வேண்டும். கோயில் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நானும் போய்க் கையை நீட்டினேன்.

"பாய், எனக்குச் சிவப்பு போடுங்க."

என் கையைப் பிடித்தவர் முகத்தைப் பார்த்தார். "நீ மேனாம்பேட்டுப் பொண்ணுதானே?"

"ஆமா. என் கல்யாணத்துக்கு நீங்கதான் வந்து போட்டீங்க. மறந்துட்டீங்களா?"

கையை மெதுவாக விட்டார். "உன் அளவு இல்லம்மா."

"தோ கீதே!"

"அது வேற ஒருத்தங்களுக்கு எடுத்து வெச்சது."

"அப்ப பச்சை?"

"பச்சையும் அப்படித்தான் தாயி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பணக்கார ஊட்டுக் கைன்னா அளவு இருக்கும். பம்பைக்காரன் பொண்டாட்டிக்கு இருக்காது. அப்படித்தானே பாய்?"

மாமா அந்தப் பக்கம் வந்தார். "இன்னா பாய், புதுப் பொண்ணு கைய நீட்டிகினு நிக்குது. வியாபாரம் பண்ண வந்தியா, வேடிக்கை காட்ட வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பாய் அவரைப் பார்த்தார். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இருவரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். எனக்காக மாமா சண்டை போடுகிறார் என்று நினைத்தேன். பாய் அம்பத்தூர் ரோட்டில் என் அண்ணனைப் பார்த்திருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. நைனா போய்விட்டதை அந்த ஊருக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். அதுவரை ஊர்க்காரர்களுக்கு நைனா சாகக் கிடக்கிறார் என்று மட்டும்தான் தெரியும்.

பாய் திரும்பி வந்து பெட்டியை மூடினார். மற்ற பெண்களுக்கும் போடவில்லை. போய்விட்டார்.

"உன்னால எங்களுக்கும் இல்லாம பூட்ச்சி" என்று ஒருத்தி விளையாட்டாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

அன்று சாயங்காலம் கும்மி. என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் ஊர்க் கும்மிப் பாட்டு ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிப் பாடினார்கள். சுற்றிச் சுற்றி வந்து தலையில் இருந்த பூ எல்லாம் உதிர்ந்தது. நடுவில் ஒரு தடவை என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கோயில் சுவர் ஓரமாகப் பம்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

அந்த நாட்கள் மாதிரி சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததில்லை. வேறு மாதிரி எழுத முடியாது. அப்படித்தான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் மருமகள்கள் எனக்குப் புதுப் பூ வைத்துவிட்டார்கள். கரகம் ஊர் சுற்றிக் குளத்துக்குப் போனது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள். மாமா முறை, மச்சான் முறை பார்த்துத் துரத்தித் துரத்தி ஊற்றினார்கள். மருமகள்கள் என் மேல் ஒரு சொம்பு ஊற்றினார்கள். புடவை முழுக்க மஞ்சள். அதோடு பூசாரி காப்பை அவிழ்த்துக் குளத்தில் விட்டார். கரகக்காரர் அவிழ்த்தார். எங்கள் ஆட்களும் அவிழ்த்தார்கள்.

அவர் குளத்திலிருந்து ஏறி நேராக என்னிடம் வந்தார். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மூட்டைய எடு. மேனாம்பேட்டுக்குப் போவணும்."

"இன்னிக்கேவா? எதுக்கு?"

"உங்க நைனா செத்துட்டாரு. வாந்திபேதி."

"எப்போ?"

"முந்தாநேத்து காலைல."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பெரிய தனக்காரர் மனைவி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஓவென்று அழுதாள்.

"அடி என் மவளே! உனக்கு வெல்லம் போட்டு சோறு வெச்சேன்டீ! உன் தலையில பூ வெச்ச கைடீ இது! அம்மாவுக்குப் பயந்து வாய மூடிகினு இருந்தேன்டீ!"

மருமகள்கள் வந்தார்கள். கும்மி அடித்தவர்கள் வந்தார்கள். அந்தக் கிழவி வந்தாள். என்னை நடுவில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாரும் மஞ்சள் தண்ணீரில் நனைந்திருந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். என் நைனாவை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஏற்றம் இறைக்கிறவர் என்றுகூடத் தெரியாது. அவரை ராஜா என்று பாடி அழுதார்கள். அது பொய் அழுகை இல்லை. நாள் கணக்காக அடக்கி வைத்தது. நன்றாக அழுதார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மாமாவுக்குக் கேட்டது. அவர் பம்பையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

மாமாவும் உடுக்கைக்காரரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். வெயில் இறங்கவில்லை. அவர் என் பக்கத்திலேயே வந்தார். மூட்டையை வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் வீட்டு வாசலெல்லாம் சுண்ணாம்பு. எதிர்வீட்டில் இரண்டு பேர் போயிருந்தார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, நான் பூவை எடுக்கவில்லை.

"பம்பை நல்லா இருந்துச்சாடி?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் பூவைப் பிடுங்கி எறிந்தேன். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளேயிருந்து வந்து என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொன்னான். அவர் போனார்.

புதைத்த இடத்தை அண்ணன் காட்டினான். ஏரிக்கரைக்குக் கீழே. புது மண் நிறைய இருந்தது. எது நைனா என்று அவனுக்கே கொஞ்சம் சந்தேகம். ஒரு கல்லைக் காட்டினான். அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அங்கேதான் அழுதேன்.

"கடைசில இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீ வந்துட்டியான்னாரு. தோ வந்துகினு கீறான்னு சொன்னேன். அப்புறமும் கேட்டாரு. அப்புறமும் சொன்னேன்."

அந்த வருஷம் அந்த ஊரில் ஒருவர்கூட வாந்திபேதியில் சாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் போனார்கள். நான் வந்திருந்தால் நைனாவின் வாயில் தண்ணீர் ஊற்றியிருப்பேன். எனக்கும் வந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் அதை நினைத்தாரா என்று தெரியாது. அப்படி நினைத்தேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை.

கருமாதிக்கு அவர் பம்பையோடு வந்தார். எங்கள் பக்கம் கருமாதிக்கும் பம்பை வைப்பது உண்டு. நைனாவுக்குத் தான் அடிக்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னார்.

"எங்க நைனாவுக்கு உன் பம்பை வேணாம்" என்றான் அண்ணன். "உசிரோட இருக்கறப்ப கேட்டதே போதும்."

அவர் தெருவுக்கு அந்தப் பக்கம் வேலி ஓரமாகப் போய் உட்கார்ந்தார். நிழல் இல்லாத இடம். பம்பையின் மேல் மட்டும் துண்டைப் போட்டு மூடினார். காரியம் முடிந்தது. சாப்பாடு முடிந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் எழுந்து போகவும் இல்லை.

உள்ளே அண்ணன் என்னிடம் சொன்னான். "நீ போவ வேணாம். இங்கயே இரு. நான் சோறு போடறேன்."

அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். இனிமேல் அம்மாவும் அவனோடுதான். அண்ணி சாப்பிட்ட இலைகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். அம்மாவைப் பார்த்தேன்.

"போறதுன்னா போ" என்றாள். "குடுத்தவரு குடுத்துட்டாரு."

நான் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன். எல்லாரும் பார்த்தார்கள். அவர் வாங்கிக் குடித்தார். பாதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

"வர்றியா?" என்றார்.

"வர்றேன்."

வேறு எங்கே போவது. அதற்காக மட்டும்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே போய் மூட்டையை எடுத்து வந்தேன்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் பேசினேன். அதுவரை அவரை நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று 'நீ' என்று வந்துவிட்டது.

"எங்கண்ணன் வந்துட்டுப் போச்சே, அன்னிக்கு நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"தூங்குனியா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் போனோம். ஒரு மாட்டு வண்டி எதிரே வந்தது. ஒதுங்கி நின்றோம். வண்டி போன பிறகு அவர் கேட்டார்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"ஓடியிருப்பேன்."

"தெரியும்" என்றார். "அதான் சொல்லல."

கரையான்சாவடிக்கு வந்ததும் அடுப்பு மூட்டினேன். வீடு பூட்டியே கிடந்ததால் விறகெல்லாம் கரையான். புகைந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மாமா வந்து கூப்பிட்டார். ஏதோ ஒரு ஊரில் காப்பு. என் வீட்டுக்காரர் பம்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கிளம்பவில்லை. அவரும் கூப்பிடவில்லை.